பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ, மேசை: மழையூர் வீடுகளுக்கு ஓர் ஒழுங்கு

குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரையுள்ள ஊர்களில் இப்போது எழும்பும் வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி என்ற அளவிலோ, கொஞ்சம் வசதி இருந்தால் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலோ அமைகிறது. கேரள எல்லைக்கு அக்கரையில் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு வீட்டின் முதன்மையான வசிப்பறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது. அது ஏறத்தாழ 102 சதுர அடி. ஆகவே பத்துக்குப் பத்து அறை என்பது, அந்த அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே நிற்கிற அறை. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமையலிடம் உட்பட முழு வீட்டுக்குமே குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர்தான், அதாவது 270 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. இத்தகைய வீட்டில் ஒரு பீரோவை அரையடி தள்ளி வைப்பதா வேண்டாமா என்பது அன்றாட வாழ்க்கையைத் தொடும் கேள்வி.

சிறிய அறையை ஒழுங்கு செய்யும்போது பலரும் சாமானிலிருந்து தொடங்குகிறார்கள். கட்டில் எந்த மூலைக்கு, பீரோ எந்தச் சுவருக்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் மனிதர் நடந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இதை அப்படியே மாற்றிச் செய்ய வேண்டும். முதலில் மனிதர் நடக்கும் வழியைத் தீர்மானிக்க வேண்டும். அடுத்து காற்று வந்துபோகும் வழியை. அவை இரண்டும் போக மிஞ்சுகிற இடம்தான் சாமானுக்கு. வழி என்று சொல்லும்போது ஒருவர் பக்கவாட்டில் ஒடுங்கிக்கொண்டு நுழையும் சந்தை நான் சொல்லவில்லை. கையில் துணி மூட்டையோ தண்ணீர்க் குடமோ வைத்திருப்பவர் இடிபடாமல் போவதற்கு இரண்டரை அடி வேண்டும். எப்போதாவது ஒருமுறை நுழைகிற பக்கத்துக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அடி போதும்.

காற்றை இரண்டாவதாகச் சொன்னாலும், எங்கள் பக்கத்தில் அதற்கு வழிக்குச் சமமான இடம் உண்டு. குமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் என இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஆண்டில் பாதிக்கு மேல் சுவரில் ஏதோ ஓர் அளவில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். வறண்ட ஊர்களில் எழுதப்படும் குறிப்புகள் எல்லாச் சாமானையும் சுவரோடு ஒட்டி வைத்தால் நடுவில் இடம் கிடைக்கும் என்று சொல்கின்றன. அந்த யோசனை மதுரைக்குப் பொருந்தலாம்; விளவங்கோட்டுக்குப் பொருந்தாது. இங்கே வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த அலமாரியின் முதுகில் ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும்.

அளவெடுப்பு

ஒரு நாடாவும் சுண்ணக்கட்டியும் ஒரு தாளும் இருந்தால் போதும். அறையின் நீள அகலத்தைத் தரையோடு ஒருமுறையும், இடுப்பு உயரத்தில் ஒருமுறையும் அளந்துகொள்ளுங்கள். கொத்து வேலையில் சுவர் ஓரிரண்டு அங்குலம் சாய்ந்திருப்பது வியப்பில்லை, அந்த இரண்டு அங்குலத்தில்தான் பீரோ மாட்டிக்கொள்ளும். பழைய ஓட்டு வீடுகளை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய ஆசாரிமார் கோல் கணக்கில் வீடு கட்டினார்கள். 24 விரல் கொண்ட ஒரு கோல் ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். நான்கு கோல் அகலமுள்ள அறை ஒன்பதரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். “பத்தடி அறைதானே” என்று மனக்கணக்குப் போட்டுக் கடையில் கட்டில் வாங்கியவர்களுக்கு அந்த அரையடி எங்கே போனது என்று தெரியாது.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, முழுவதும் திறந்தால் எந்தச் சுவரில் எத்தனை அடியை மறைக்கிறது, சன்னலின் அடிப்பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம், சன்னல் கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, மின்சாரப் பிளக் எங்கே இருக்கிறது, மின்விசிறியின் இறக்கை நுனி சுவரிலிருந்து எத்தனை அடியில் சுற்றுகிறது என்பதையெல்லாம் அதே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அறைக்குள் போகும் பாதையையும் அளக்க மறக்கக் கூடாது. பழைய வீட்டு வாசல் நிலைகள் இரண்டரை அடி அகலமும் ஆறடிக்குக் குறைந்த உயரமும் உடையவையாக இருக்கும். ஆறரை அடி உயர இரும்பு பீரோவைச் சாய்த்துத்தான் அவற்றின் வழியே ஏற்ற முடியும். சாய்த்து நுழைத்த பின் உள்ளே நிமிர்த்துவதற்கும் இடம் வேண்டும். மாடி அறையாக இருந்தால் படிக்கட்டு திரும்பும் மூலையை அளக்காமல் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி சாமானின் அளவுகள். ஒருவர் படுக்கும் கட்டில் ஆறேகால் அடிக்கு மூன்றடி. இருவர் நெருக்கமாகப் படுப்பது ஆறேகாலுக்கு நான்கு. பெரியது ஆறரைக்கு ஐந்து அல்லது ஆறு. இரட்டைக் கதவு இரும்பு பீரோ பொதுவாக மூன்றடி அகலம், ஒன்றேமுக்கால் அடிக்குள் ஆழம். படிக்கும் மேசைக்கு மூன்றடி நீளமும் இரண்டடி ஆழமும் தாராளம். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத இடத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பீரோவின் ஒவ்வொரு கதவும் ஒன்றரை அடி முன்னே வரும்; அதற்கு முன்னால் ஆள் நிற்க வேண்டும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எழுவதற்கு மேசை விளிம்பிலிருந்து இரண்டரை அடி வேண்டும். கட்டிலடியில் இழுப்பறை இருந்தால் அது முழு நீளத்துக்கு வெளியே வர வேண்டும். இந்த மறைந்த இடங்களை இரண்டு சாமான்கள் பங்குபோட்டுக்கொள்ளலாம்: பீரோ திறக்கும்போது நாற்காலி உள்ளே தள்ளியிருக்கும் என்றால் ஒரே இடம் இரண்டுக்கும் உதவும். அறைக் கதவும் பீரோக் கதவும் மட்டும் ஒரே இடத்தைப் பங்குபோடக் கூடாது. தினமும் காலையில் ஒருவர் உடை எடுக்கும்போது இன்னொருவர் கதவைத் தள்ளி இடிப்பது அப்படித்தான் நேர்கிறது.

தாளில் வரைந்தது போதாது என்பது என் உறுதியான கருத்து. பழைய நாளிதழ்த் தாள்களை ஒட்டிக் கட்டில், பீரோ, மேசை ஆகியவற்றின் உண்மையான அளவுக்கு வெட்டித் தரையில் விரித்துப் பாருங்கள். அல்லது சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். பிறகு வீட்டிலுள்ள முதியவரையும் பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் கூப்பிட்டு, கோட்டை மிதிக்காமல் கதவிலிருந்து சன்னல் வரை நடக்கச் சொல்லுங்கள். தாளின் சிறிய கட்டத்தில் அழகாகத் தெரிந்த ஒழுங்கு அந்த நடையில் தோற்றுப்போவதுண்டு. தோற்பது தாளாக இருந்துவிட்டால் செலவில்லை.

எந்தச் சுவர், எந்தச் சாமானுக்கு

அறையின் நான்கு சுவர்களும் ஒன்றல்ல. வெளிக்காற்றும் மழையும் படுகிற சுவர்கள் ஒரு வகை. பக்கத்து அறையோடு பொதுவாக உள்ள உட்சுவர்கள் வேறு வகை. தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சுவரும் தெற்குச் சுவரும் சாரலில் ஊறும். குளியலறையோடு ஒட்டிய உட்சுவரையும் ஈரச்சுவர் என்றே கணக்கில் வைக்க வேண்டும். துணி, புத்தகம், ஆவணம் இருக்கிற பீரோவும் அலமாரியும் உலர்ந்த உட்சுவருக்கே உரியவை. வெளிச்சுவருக்குக் கால் உயர்ந்து அடி திறந்திருக்கும் சாமான்கள், அதாவது கட்டில், மேசை, பெஞ்சு போன்றவை போகலாம். அவற்றின் அடியிலும் பின்னும் காற்று ஓடும்.

ஏன் இப்படி என்றால், வெளிச்சுவர் மழையில் குளிர்ந்திருக்கும். அதன்மேல் ஒரு பெரிய பெட்டி ஒட்டி நின்றால் இடையில் உள்ள காற்று அசையாமல் தேங்கி, அதிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படியும். வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. பூசணத்துக்கு வேறு என்ன வேண்டும்? உட்சுவராக இருந்தாலும் பீரோவுக்கும் சுவருக்கும் இடையே மூன்று அங்குலம் விடுங்கள். நான்கு விரலைச் சேர்த்து நுழைத்தால் தாராளமாகப் போக வேண்டும். அந்த மூன்று அங்குலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. சிதல் (கறையான்) சுவரில் ஏறும்போது மண்ணால் பென்சில் தடிமனில் கூரைபோட்ட வழி ஒன்றைக் கட்டிக்கொண்டே ஏறும். இடைவெளி இருந்தால் டார்ச்சடித்துப் பார்த்து அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஒட்டி வைத்த மர அலமாரியில் அது தெரிய வரும்போது, உள்ளே பட்டுச்சேலையும் பத்திரமும் அரிக்கப்பட்டிருக்கும்.

தரையிலிருந்தும் அதே விலக்கு வேண்டும். இரும்பு பீரோவின் அடித்தகடு துருப்பிடிப்பது பெரும்பாலும் தரை துடைக்கும் தண்ணீரால்தான். ஒரே உயரமுள்ள நான்கு கருங்கல் துண்டுகளிலோ கடினமரக் கட்டைகளிலோ நான்கு அங்குலம் தூக்கி வைத்தால் துடைப்பமும் உள்ளே போகும். அப்படித் தூக்கிய பீரோவை மேல்பக்கத்தில் எல் வடிவக் கிளாம்பால் சுவரோடு இணைப்பது கட்டாயம். சிறு பிள்ளைகள் கதவைப் பிடித்துத் தொங்குவார்கள், அடித்தட்டில் கால் வைத்து ஏறுவார்கள். கனமான பாத்திரமும் புத்தகமும் கீழ்த்தட்டில், துணி மேல்தட்டில் என்ற முறையும் பீரோவைச் சாயாமல் காக்கும்.

மரத்தைப் பற்றி ஒரு சொல். இந்தப் பக்கத்தில் தேக்கு, அயினி, பலா, மகாகனி ஆகியவற்றில் செய்த பழைய கட்டில்கள் பல வீடுகளில் இருக்கின்றன. இடத்துக்குப் பொருந்துகிறது என்றால் அவற்றைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்காதீர்கள். தலைமாட்டுப் பலகை மிக உயரமாகவோ அகலமாகவோ இருந்தால் நல்ல ஆசாரி ஒருவர் அதைக் குறைத்துத் தருவார். ரப்பர் மரத்தை போரான் உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்தியே சாமான் செய்கிறார்கள். அது உள்ளறைக்கு ஏற்றது. ஆனால் அந்த உப்பு தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் கால்கள் எப்போதும் நனைந்திருக்கும் இடத்தில் அதை நிறுத்தக் கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான்கள் விலை குறைவு, பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஓரத்தில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் ஊதிவிடும், ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது. அவற்றை வாங்கியே ஆக வேண்டுமென்றால், அடியில் பிளாஸ்டிக் கால் உள்ளதைத் தேர்ந்து, உட்சுவரோரம் மட்டும் வையுங்கள்.

ஓர் அறையை வைத்துப் பார்ப்போம்

பத்தடிக்குப் பத்தடி அறை. கதவு கிழக்குச் சுவரில், வடமூலையிலிருந்து அரையடி விட்டு மூன்றடி அகலத்தில் இருக்கிறது. உள்ளே திறந்தால் வடக்குச் சுவரோடு போய்ச் சாய்கிறது. மேற்குச் சுவரின் நடுவில் நான்கடிச் சன்னல். மேற்கும் தெற்கும் வெளிச்சுவர்; வடக்கும் கிழக்கும் உட்சுவர். வைக்க வேண்டியவை ஆறேகாலுக்கு நான்கடிக் கட்டில், ஒரு பீரோ, ஒரு படிப்பு மேசை.

கட்டிலைத் தெற்குச் சுவரை ஒட்டி நீளவாக்கில், தலைமாடு கிழக்கு மூலையில் இருக்கும்படி போடலாம். சுவரிலிருந்து மூன்று அங்குலம் விலக்கு. எங்கள் வீடுகளில் கிழக்கும் தெற்கும் தலைவைக்க நல்லவை, மேற்கு பரவாயில்லை, வடக்கு கூடவே கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூன்று திசைகள் கையில் இருப்பதால் இந்த வழக்கத்தை மதித்தே எல்லா அறையையும் ஒழுங்கு செய்ய முடியும். வீட்டின் முதியவருக்கு மனக்குறை வைத்து ஒரு கட்டிலைப் போட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இந்த ஒழுங்கில் கால்மாட்டுக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே மூன்றேமுக்கால் அடி மிஞ்சும். சன்னல் வழியே சாரல் அடித்தாலும் மெத்தை நனையாது.

வடக்குச் சுவரில் திறந்த கதவு மறைக்கும் மூன்றடியும் அதை அடுத்து அரையடி இடைவெளியும் போக ஆறரை அடி மிச்சம். அதில் முதலில் பீரோ மூன்றடி, அதை அடுத்து மேசை மூன்றடி, மேற்குச் சுவரோரம் சற்றுக் குறைய அரையடி காற்றுக்கு. மேசையில் வடக்கு நோக்கி உட்காரும் பிள்ளைக்கு மேற்குச் சன்னலின் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழும். வலக்கையால் எழுதுகிறவருக்குக் கையின் நிழல் நோட்டில் படாது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையாக இருந்தால் வெளிச்சம் வலமிருந்து வரும்படி ஒழுங்கைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இப்போது பீரோவின் முகப்புக்கும் கட்டிலுக்கும் இடையே நான்கடிக்குச் சற்றுக் குறைவான வழி கிடைக்கிறது. பீரோக் கதவு திறந்திருந்தாலும் இரண்டடிக்கு மேல் மிஞ்சும். நாற்காலியை முழுவதும் இழுத்த பிறகும் அதன் பின்னால் ஓரடிக்கு மேல் இருக்கும்.

மூன்று சாமான்களும் சேர்ந்து அடைப்பது ஏறத்தாழ 36 சதுர அடி. நூறு சதுர அடியில் இது மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. பாதியைத் தொட்டுவிட்டால் அந்த அறையில் யாரும் இயல்பாக நடக்க முடியாது என்பதை ஒரு வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். இதே அறையில் ஆறடி அகலக் கட்டிலைப் போட்டிருந்தால் வழி முழுவதும் போயிருக்கும், மேசை சன்னலை அடைத்திருக்கும். சிறிய அறைக்குப் பெரிய கட்டில் என்ற ஒரே முடிவு மற்ற எல்லா முடிவுகளையும் கெடுத்துவிடுகிறது. சீர்வரிசையாக வந்த கட்டில் பெரியதாக இருந்தால், அதை வீட்டின் அகலமான அறைக்கு மாற்றிவிட்டு இங்கே சிறியதைப் போடுவதில் தவறே இல்லை. சீர் கொடுத்தவர்களிடம் அதை முகம் பார்த்துச் சொல்லிவிடலாம்.

தென்மேற்கு மூலையில் கால்மாட்டுக்கு அப்பால் மிஞ்சிய இடத்தை நிரப்பத்தான் கை துறுதுறுக்கும். ஒரு தையல் இயந்திரம், ஒரு அரிசிப் பீப்பாய், ரப்பர் மரம் உள்ள வீடுகளில் ஒட்டுப்பால் (மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்) கட்டிய சாக்கு என்று ஒவ்வொன்றாக அங்கே வந்து சேரும். ஒட்டுப்பாலின் வாடை துணியிலும் மெத்தையிலும் ஏறிவிட்டால் எளிதில் போகாது. அதற்கு வெளியே உள்ள கொட்டகையே இடம். இந்த மூலையைக் காலியாக விடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். சன்னலைத் திறக்கவும் சாத்தவும் ஆள் போக வேண்டும். ஜூலை மாதத்தில் வெளியே காயாத துணியை, சன்னலுக்கும் விசிறிக்கும் இடையே ஒரு கொடிக்கயிற்றில் போட வேண்டியிருக்கும். விருந்தாளி வந்தால் ஒரு கோரைப்பாய் விரிக்க இடம் வேண்டும். அந்தியில் குடும்பமாகத் தரையில் அமர்ந்து செபம் சொல்கிற வீடுகளுக்கும், விளக்கேற்றிக் கும்பிடுகிற வீடுகளுக்கும் நான்குபேர் உட்காரும் தரை ஒன்று வீட்டுக்குள் எங்காவது கட்டாயம் தேவை. காலித் தரை வீணான இடம் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து வாழ்கிற குடும்பத்துக்குக் காலித் தரை பலபேர் பயன்படுத்தும் ஓர் இருக்கை.

கிழக்கே போகப் போக இந்தக் கணக்கு மாறும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தல் காற்றாலைகளின் பக்கத்திலும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும்; அங்கே ஈரத்தைவிடப் புழுதியும் காற்றின் வேகமும்தான் தொல்லை. அந்த ஊர்களில் மேற்குச் சன்னலுக்கு நேரே மேசை போட்டால் தாள் பறக்கும், கட்டில் போட்டால் மெத்தையில் மணல் படியும். பீரோவை அங்கே மேற்குச் சுவரில் சன்னலை மறைக்காமல் வைத்துக்கொள்ளலாம், மூன்று அங்குல இடைவெளி மட்டும் அங்கும் வேண்டும்.

கூடம்

எட்டடிக்குப் பன்னிரண்டடி என நீண்டு ஒடுங்கிய கூடத்தில் வரும் தவறு வேறு மாதிரியானது. இரண்டு நீளச் சுவர்களிலும் எதிரெதிராக இருக்கை போட்டால் நடுவில் பேருந்து போல ஒரு சந்து மட்டும் மிஞ்சும். வந்தவர்களின் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும். ஒரு நீளச் சுவரில் மட்டும் இருக்கையும், எதிர்ச்சுவரில் ஒன்றேகால் அடிக்கு மேற்படாத ஆழமுள்ள தட்டோ சுவரில் பொருத்திய தொலைக்காட்சியோ இருக்கட்டும். இரண்டேமுக்கால் அடி ஆழச் சோபாவை வைத்தாலும் நடுவில் ஏறத்தாழ நான்கடி வழி கிடைக்கும். 32 அங்குலத் தொலைக்காட்சியை ஐந்து, ஆறு அடி தூரத்திலிருந்து வசதியாகப் பார்க்கலாம் என்பதால், இந்த அகலத்துக்கு அதுவே போதும்.

சோபாவைவிட, அடியில் பெட்டி வைத்த மரப் பெஞ்சையோ திவானையோ நான் பரிந்துரைப்பேன். பஞ்சு அடைத்த சோபா மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து நாறும். கழற்றிக் காயவைக்க முடியாது. பெஞ்சின்மேல் போடும் மெத்தையை வெயில் கண்ட அன்றே முற்றத்தில் உலர்த்தலாம். இரவில் ஒருவர் படுக்கவும் அது உதவும். கூடத்தின் நடுவில் டீப்பாய் வேண்டாம். இரவில் விளக்கைப் போடாமல் கழிப்பறைக்கு எழுந்துபோகும் முதியவருக்கு முழங்காலளவு உயரச் சாமானைவிட ஆபத்தானது வேறில்லை. தேநீர் வைப்பதற்கு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஸ்டூல்கள் இரண்டு போதும். கூட்டம் வரும் நாளுக்கு அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தாமல், மாடிப்படியின் அடியிலோ வெளித்திண்ணையிலோ அடுக்குங்கள்; கதவு முழுவதும் திறக்காத வீட்டில் அவசரத்துக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியாது.

குளிர்பதனப் பெட்டி கூடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நிலையில், மாலை வெயில் விழாத மூலையில், முதுகிலும் பக்கங்களிலும் வெப்பம் வெளியேற இடம்விட்டு, அதற்கென்றே உள்ள பிளக்கின் அருகில் வையுங்கள். பிளக்கு தொலைவில் இருக்கிறது என்று நீட்டிப்பு வயரைப் பாய்க்கடியில் கொண்டுபோகக் கூடாது. பாயை மிதித்து மிதித்து வயரின் உறை தேயும்; ஈரத் தரையில் அதன் விளைவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மின்வேலை செய்பவரை அழைத்து ஒரு பிளக்கை இடம் மாற்றுவது சாமானை அடைக்கிற மூலைக்குத் தள்ளுவதைவிட நல்லது.

உயரம்

தரை குறைவு என்றால் சுவரில் ஏற வேண்டும் என்பது சரிதான், ஆனால் தலைக்குமேல் அடுக்குவதற்கும் எல்லை உண்டு. மின்விசிறியின் இறக்கை தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறைக்கு 48 அங்குல விசிறி போதும். அது நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டடி சுற்றும். பீரோவின் மேல் பெட்டிக்குமேல் பெட்டியாக அடுக்கினால் அந்தக் குவியல் காற்றைத் தடுப்பதோடு, சரிந்தால் இறக்கையில் விழும். பீரோவின் தலையில் ஒரே ஒரு வரிசை, அதுவும் வெறுமையான சூட்கேஸ் அல்லது போர்வை மட்டும். பரண் இருந்தால் அதில் ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவை: கிறிஸ்துமஸ் நட்சத்திரம், ஓணப் பாத்திரம், பொங்கல் பானை. தினம் எடுப்பவற்றைப் பரணில் வைத்தால் ஒரு ஸ்டூல் எப்போதும் நடுவழியில் கிடக்கும்.

கட்டிலின் தலைமாட்டுக்கு நேர்மேலே தட்டு அடிக்க வேண்டாம். சுவர்த்தட்டு மேசைக்கு மேலே, உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில், எட்டு அல்லது ஒன்பது அங்குல ஆழத்தில் இருந்தால் பள்ளிப் புத்தகம் முழுவதும் அதில் அடங்கும். வெளிச்சுவரில் அடிக்கும் தட்டின் பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். பலகை அடைத்தால் அங்கேயும் பூசணம் வரும். சுவருக்கு வெளிர்நிறம் அடித்தால் சிறிய அறை வெளிச்சமாக இருக்கும்.

மாற்றும் நாள்

மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் கண்ட பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மிகவும் ஏற்றவை. சுவர் உலர்ந்திருக்கும், வெளியே எடுத்த சாமானை முற்றத்தில் காயவைக்கலாம். அறையை முழுவதும் காலி செய்ய வேண்டும். பாதிச் சாமானை உள்ளே வைத்துக்கொண்டு மீதியை நகர்த்துவது இரட்டை வேலை. வெறும் அறையைப் பெருக்கிய பின் சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எங்கே குளிர்ந்து ஈரமாக இருக்கிறதோ, எங்கே சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறதோ அங்கே துணி அலமாரி போகக் கூடாது. பூசணம் கண்ட இடத்தைச் சுரண்டிக் கழுவி, நன்றாக உலரவிட்ட பிறகே எதையும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

கோடு போட்ட தரையில் முதலில் பீரோ, அடுத்து கட்டில், கடைசியாக மேசை என்ற வரிசையில் ஏற்றுங்கள். பீரோவை உள்ளிருப்பதையெல்லாம் இறக்கிவிட்டு, காலடியில் பழைய சாக்கை விரித்து, இருவர் இழுத்தால் தரை கீறாது. காவித் தரையாக இருந்தால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனென்றால் அந்தத் தரையில் விழுந்த கீறலை மறைக்கிற கொத்தனார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றும் இடத்தில் நின்றதும் எல்லாக் கதவுகளையும் இழுப்பறைகளையும் சன்னலையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஒன்றோடொன்று இடித்தால் அப்போதே மாற்றுங்கள்.

கிளாம்பும் ஆணியும் அன்றைக்கே அடிக்க வேண்டாம்; ஆனால் அந்த நாட்களில் பீரோவைக் கட்டையில் தூக்காமல் தரையிலேயே வைத்து, சிறு பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். ஒரு வாரம் அந்த ஒழுங்கில் வாழ்ந்து பாருங்கள். இரவில் எழுந்தவர் எங்கே இடித்தார், பிள்ளை படிக்கும்போது யாருக்கு வழி மறைந்தது, விசிறிக்காற்று கட்டிலில் எந்தப் பக்கத்துக்கு வரவில்லை என்பதை வீட்டார் எல்லாரிடமும் கேட்டு, தேவையானால் அரையடி இங்கோ அங்கோ நகர்த்திய பிறகு பீரோவைத் தூக்கிக் கிளாம்பைப் போடுங்கள். அடுத்த ஜூன் மாதம் மழை பிடித்து பத்துப் பதினைந்து நாளான பின் ஒரு டார்ச்சை எடுத்து, பீரோவின் முதுகையும் கட்டிலின் அடியையும் தட்டுகளின் பின்புறத்தையும் பாருங்கள். கருத்த புள்ளியோ மண்வழியோ தெரிந்தால் அந்தச் சாமானுக்கு மட்டும் இடைவெளியை இன்னும் இரண்டு அங்குலம் கூட்டி, அந்தப் பக்கச் சன்னலைப் பகலில் மழையில்லாத நேரமெல்லாம் திறந்து வையுங்கள்.